பிளக் பாயிண்ட் எத்தனை வாட்?

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, அன்னாசி, பலா. அந்த 70 வளைவுகளிலும் இப்போது கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. செம்மேடு, சோளக்காடு பக்கம் இரண்டு அறை, நான்கு அறை என்று சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் வந்துவிட்டன. 1000 மீட்டருக்கு மேலே குளிர் காற்றில் தூங்கி எழுபவர் காலையில் முதலில் கேட்பது சுடுதண்ணீர்தானே!

அப்படி ஒரு வீடு கட்டும்போது சுவரை வெட்டிக் குழாய் பதிக்கிற நாளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"ஏனுங்க தம்பி, இத்தனை பிளக் பாயிண்ட் வைக்கிறோமே, இ.பி. ஆபீஸ்ல லோடு எத்தனைன்னு எழுதறதுங்க?"

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு ஊரில் மூன்று விதமான பதில் கிடைக்கும். "ஒவ்வொரு பாயிண்டையும் எண்ணிப் பெருக்கணும்" என்பார் ஒருவர். "சும்மா சுவத்துல இருக்கற பாயிண்டுக்கு ஏதுங்க லோடு, மாட்டினாத்தானே" என்பார் இன்னொருவர். "எல்லாத்தையும் கூட்டிப் பாதி போடுங்க, அதுதான் ரூல்" என்பார் மூன்றாமவர்.

வேடிக்கை என்னவென்றால் மூன்று பேருக்கும் விதிப்புத்தகத்தில் ஒரு வரி ஆதாரம் இருக்கிறது. மூன்று பேரும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் மூன்று பதிலும் தப்பாகப் போகிறது.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் கட்டட ஒயரிங்குக்கு அடிப்படையான தர ஆவணம் ஐ.எஸ். 732. இது தவிர இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தேசிய மின் விதித்தொகுப்பு இருக்கிறது. 1985-இல் முதலில் வந்தது, 2011-இல் திருத்தப்பட்டது, 2023-இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களுக்கு வைத்திருக்கும் பொது விவரக்குறிப்பையும் ஒயரிங் செய்பவர்கள் பலர் பின்பற்றுகிறார்கள்.

இவற்றில் வரும் எண்கள் ஒயர்மேன்களுக்கு மனப்பாடம். 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் (அந்தக் காலத்து 5 ஆம்பியர்) ஒன்றுக்கு 100 வாட். 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் (அந்தக் காலத்து 15 ஆம்பியர்) ஒன்றுக்கு 1000 வாட். சீலிங் ஃபேனுக்கு 60 வாட். விளக்கு, ஃபேன், 6 ஆம்பியர் பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்கியூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட், இதில் எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை. பவர் சர்க்கியூட் என்றால் 16 ஆம்பியர் பாயிண்ட் இரண்டுக்கு மேல் கூடாது.

இந்த எண்கள் சரி. இவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனைதான் எல்லோருக்கும் மறந்துபோகிறது. உண்மையான வாட் தெரியாத இடத்தில் மட்டும் இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதே அந்த நிபந்தனை.

100 வாட் என்பது எந்தப் பொருளையும் அளந்து எடுத்த எண் இல்லை. நாளைக்கு அந்த ஓட்டையில் செல்போன் சார்ஜர் ஏறுமா, அயர்ன் பாக்ஸ் ஏறுமா என்று வீடு கட்டும்போது யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு ஏதாவது ஓர் எண் வைத்தால்தான் கணக்கு நகரும். அதற்காக வைத்தது.

பி.காம். படிப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. வாரா ஐயக்கடன் ஒதுக்கு இதே வேலையைத்தான் செய்கிறது. கடனாளிகளில் யார் தருவார், யார் தரமாட்டார் என்று தெரியாதபோது மொத்தத்தில் 5 சதவீதம் என்று ஒதுக்கி வைக்கிறோம். ஆனால் ஒருவர் நொடித்துப்போனது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது என்றால்? அவர் கணக்கில் 5 சதவீதம் போட்டுவிட்டு சும்மா இருக்க முடியாது. அந்தத் தொகை முழுவதையும் வாராக்கடன் என்று எழுதியாக வேண்டும். மதிப்பீடு தெரியாததற்கு, உண்மைத் தொகை தெரிந்ததற்கு.

பிளக் பாயிண்டும் இப்படித்தான். குளியலறையில் ஆறடி உயரத்தில் வைக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட் கீசருக்கு என்று கட்டும்போதே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கீசர் 2000 வாட் என்பது அதன் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கிறது. அங்கே போய் 1000 என்று எழுதுவது விதியைப் பின்பற்றுவது ஆகாது. விதி கொடுத்த ஒதுக்கீட்டின் பின்னால் ஒளிந்துகொள்வது ஆகும்.

மற்ற நாடுகளில்?

இந்த எண்கள் இயற்கை விதி இல்லை, மனிதர்கள் கூடிப் பேசி வைத்த அனுமானம் என்பதற்கு மற்ற நாடுகளைப் பார்த்தாலே போதும்.

அமெரிக்கத் தேசிய மின் விதியில் கடை, அலுவலகம் போன்ற கட்டடங்களில் ஒரு பொது பிளக் பாயிண்டுக்கு 180 வோல்ட்-ஆம்பியர் (இங்கே வாட் என்றே வைத்துக்கொள்ளலாம்). இப்படிக் கூட்டிய மொத்தத்தில் முதல் 10,000 வரை முழுசாக எடுக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளதில் பாதி எடுத்தால் போதும். "பாதி போடுங்க" என்று நம்மூரில் உலவும் கதையின் மூலம் இது போன்ற ஏதோ ஒரு விதியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாதி 10,000-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது என்பது வழியில் எங்கோ தொலைந்துவிட்டது!

அதே அமெரிக்காவில் வீடு என்றால் கணக்கே வேறு. பொது பிளக் பாயிண்டைத் தனியாக எண்ணுவதே இல்லை. சதுர அடிக்கு 3 வோல்ட்-ஆம்பியர் என்று நீண்ட காலமாகப் போட்டுவந்த விளக்குக் கணக்கிலேயே அது அடக்கம். சமையலறை மட்டும் தனி. அங்கே பொருள்கள் மாட்டுவார்கள் என்று தெரியும் என்பதால் குறைந்தது இரண்டு சர்க்கியூட், ஒவ்வொன்றுக்கும் 1500.

பிரிட்டனில் இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ரிங் சர்க்கியூட் முறையில் 100 சதுர மீட்டர் தரைப்பரப்புக்கு ஒரு 32 ஆம்பியர் வளையம் போட்டால், அதில் எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஓட்டைகள் கூடினால் வீட்டில் இருக்கும் ஆட்களும் பொருள்களும் கூடிவிடுவதில்லை என்ற எண்ணம்.

மூன்று நாட்டுக்கும் மூன்று அனுமானம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எங்கே கனமான பொருள் நிச்சயம் மாட்டப்படும் என்று தெரிகிறதோ, அங்கே யாரும் அனுமானத்தை வைத்து ஒப்பேற்றுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செம்மேட்டில் ஒரு நான்கு அறை வீடு இருக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 22 எல்.இ.டி. விளக்கு, தலா 9 வாட். 4 ஃபேன். அறைக்கு இரண்டு, சமையலறையில் மூன்று என 6 ஆம்பியர் பாயிண்ட் 11. அறைக்கு ஒன்று கீசருக்கு, சமையலறையில் இரண்டு என 16 ஆம்பியர் பாயிண்ட் 6. தண்ணீருக்கு அரை எச்.பி. மோட்டார்.

முதலில் பட்டியலை அப்படியே பெருக்கும் கணக்கு. விளக்கு 198, ஃபேன் 240, 6 ஆம்பியர் பாயிண்ட் 1100, பவர் பாயிண்ட் 6000, மோட்டார் 373. மொத்தம் 7911 வாட். அதாவது 7.9 கிலோவாட்.

அடுத்து, லேபிளைப் பார்த்து எழுதும் கணக்கு. விளக்கு 198, ஃபேன் 240, நான்கு கீசர் 8000, இண்டக்‌ஷன் அடுப்பு 2000, மிக்ஸி 750, ஃபிரிட்ஜ் 200, மோட்டார் 373, நான்கு டி.வி. 240, நான்கு சார்ஜர் 80. மொத்தம் 12,081 வாட். 12 கிலோவாட்டைத் தாண்டிவிட்டது.

எல்லாப் பாயிண்டையும் எண்ணினால் லோடு கூடிப்போகும் என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். இங்கே நடந்திருப்பது நேர் எதிர். 6 ஆம்பியர் பாயிண்டுகளில் சார்ஜரும் டி.வி.யும்தான் ஏறுகின்றன என்பதால் அங்கே பட்டியல் அதிகமாகக் காட்டுகிறது. பவர் பாயிண்டில் பாதியாகக் குறைத்துவிடுகிறது. குளிர் ஊரில் லோடு முழுக்க பவர் பாயிண்டில்தான் இருக்கிறது.

கடைசியாக, "பாதி போடுங்க" கணக்கு. 7911-இல் பாதி 3956 வாட். இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு சிங்கிள் பேஸ் இணைப்புக்கு வைத்த எல்லை 4000 வாட். 3956 என்றால் கச்சிதமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது! த்ரீ பேஸ் செலவு மிச்சம், எல்லோருக்கும் சந்தோஷம்... மார்கழி வரும்வரை.

"ஒரே நேரத்தில் எல்லாம் ஓடாதே?"

நியாயமான கேள்வி. வீட்டில் இருக்கும் எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் மெயின் லோடைக் கொஞ்சம் குறைத்து எடுக்கலாம் என்பது உண்மைதான். இதற்கு டைவர்சிட்டி என்று பெயர்.

ஆனால் இது மனிதர்களின் பழக்கத்தைப் பற்றிய சலுகை. பழக்கம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் ஒரு வீட்டில் கீசர் சித்திரை மாதம் முழுக்கத் தூங்கும். கொல்லிமலையில் நான்கு அறையிலும் விருந்தினர் இருந்தால், அருவிக்குக் கிளம்பும் அவசரத்தில் காலை ஆறு மணிக்கு நான்கு கீசரும் ஒன்றாக எரியும். அதே நேரம் சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பில் காபி. மாடித் தொட்டி காலி என்று மோட்டாரும் ஓடும். பாதி விளக்கு, ஃபிரிட்ஜ் இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 10.7 கிலோவாட். குளிரில் ஃபேனை விட்டுவிடலாம், டி.வி.யை விட்டுவிடலாம், மிக்ஸியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். அப்படி இருந்தும் 12-லிருந்து 10.7-க்குத்தான் இறங்குகிறது.

தெர்மோஸ்டாட் வைத்த நீர்சூடேற்றிகளுக்கு டைவர்சிட்டி சலுகையே கிடையாது என்று பிரிட்டிஷ் வழிகாட்டிப் பட்டியல் சொல்வதன் காரணமும் இதுதான். தண்ணீர் சூடாகும்வரை அவை நிற்காது. ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலையில் தங்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். அந்த நாளில் எந்த வீட்டிலும் டைவர்சிட்டி மிச்சம் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் மிக முக்கியம். அந்தச் சலுகை மெயின் ஒயருக்கும் மீட்டருக்கும் மட்டும்தான். தனித்தனி பாயிண்டுக்குப் போகும் ஒயருக்குக் கிடையாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஊரில் மற்ற கீசர் எல்லாம் அணைந்திருந்தாலும் அந்த ஒயரில் 8.7 ஆம்பியர்தான். "ஒரு பவர் சர்க்கியூட்டில் இரண்டு பாயிண்ட்" என்ற விதியை நம்பி இரண்டு அறைக் கீசரையும் ஒரே ஒயரில் கோத்தால் 17.4 ஆம்பியர். 1000 வாட் கணக்குப்படி அது வெறும் 8.7 என்று காகிதத்தில் இருக்கும்.

"அதுக்குத்தான் எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆயிடும்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-ஐத் தாண்டியதும் பட்டென்று விழாது. அதன் தர விதிப்படி 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 17.4 அதற்குள் வந்துவிடுகிறது. பவர் சர்க்கியூட்டுக்கு மத்தியப் பொதுப்பணித் துறை சொல்லும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் தாங்கிக்கொள்ளும். விளக்குக்குப் போடும் 1.5 ஒயரை மிச்சம் பிடிக்க இழுத்திருந்தால், எம்.சி.பி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க சுவருக்குள் ஒயர் கொதிக்கும்.

குடிசைக்கு வந்த பிளக்

இது காட்டேஜ்காரர்கள் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் குடிசை மின் இணைப்பு என்று ஒன்று உண்டு. அதன் அடிப்படை, 40 வாட்டுக்கு மிகாத ஒரே ஒரு விளக்கு. பிளக் பாயிண்ட் என்ற பேச்சே அதில் கிடையாது. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்ததும் அதற்காக 70 வாட் சேர்த்து அனுமதித்தார்கள். 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன.

பொருள் வீட்டுக்கு வந்தது நல்ல விஷயம். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த கைகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் மிக்ஸி என்பது சாதாரணமாக 500 வாட்டுக்கு மேல். 40 வாட் விளக்குக்கு என்று இழுத்த ஒயரின் நுனியில் ஒரு பிளக் பாயிண்டைக் கோத்து அதில் மிக்ஸியைப் போட்டால், அந்தப் பாயிண்டைக் காகிதத்தில் யார் எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும் ஒயருக்குக் கவலையில்லை. அது மிக்ஸி இழுப்பதைத்தான் பார்க்கும்.

யார் தலையில் விழுகிறது?

லோடைக் குறைத்து எழுதுவதற்கு ஆசை வருவது ஏன் என்று புரிகிறது. வணிக இணைப்பில் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருகிறது. 12 என்று எழுதினால் அறை காலியாகக் கிடக்கும் மாதத்திலும் 12-க்குக் கட்ட வேண்டும். மலை மேல் சீசன் வியாபாரம் செய்யும் சின்ன ஆளுக்கு அது சுமைதான். "நாலு பேரும் நாலு கிலோவாட்னுதானே எழுதறாங்க, நான் மட்டும் ஏன்?" என்பதும் மனித இயல்புதான்.

ஆனால் அந்த எண் காகிதத்தோடு முடிவதில்லை. எல்லோரும் எழுதிக்கொடுத்த லோடைக் கூட்டித்தான் ஊருக்கு டிரான்ஸ்பார்மர் வைக்கிறார்கள். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றில் நான்கு வீடுகள் 4 என்று எழுதிவிட்டுக் காலையில் தலா 10.7 இழுத்தால், 16 என்று நினைத்த இடத்தில் 43 போகிறது. மீதி ஊருக்கு 20.

அப்போது வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் கீசரின் சூடு கால் பங்கு குறையும். விருந்தினர் பத்து நிமிடம் அதிகம் காத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் மோட்டார் அப்படி இல்லை. வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு அது அதிக கரண்டு இழுத்துச் சூடாகும், கடைசியில் காயில் கருகும்.

கொல்லிமலையில் மோட்டார் என்பது என்ன? சாமை, தினை போன்ற சிறுதானியங்களை உமி நீக்குவது பெண்கள் உலக்கையில் குத்திச் செய்த கடின வேலை. அந்த வேலையாலேயே சாமையை விட்டுவிட்டுப் பலர் மரவள்ளிக்குப் போனார்கள். அதை மாற்றத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக் கிராமங்களில் சிறுதானிய அரவை இயந்திரங்கள் வர உதவியது. அப்படிப்பட்ட ஓர் இயந்திரம் இருக்கும் ஊரில் வோல்டேஜ் இறங்கினால், கீசர் வீட்டுக்காரர் தப்பாக எழுதிய எண்ணுக்குச் சாமை குத்தும் வீட்டுக்காரி விலை கொடுக்கிறாள். காயில் கட்ட மலையிலிருந்து 70 வளைவு இறங்கிப் போக வேண்டும்.

என்னதான் செய்வது?

விதியை மாற்ற வேண்டாம். விதியை அதன் நிபந்தனையோடு சேர்த்து வாசித்தால் போதும்.

ஒயரிங் தொடங்கும் முன் ஒயர்மேன் கேட்க வேண்டியது "எத்தனை பாயிண்ட்?" என்பது இல்லை, "எதை எங்கே மாட்டப் போறீங்க?" என்பது. தெரிந்த பொருளுக்கு லேபிளில் உள்ள வாட். தெரியாத பாயிண்டுக்கு மட்டும் 100-ம் 1000-மும். கீசர் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி எம்.சி.பி. டைவர்சிட்டி என்றால் மெயினுக்கு மட்டும், அதுவும் எல்லா அறையும் நிறைந்த ஒரு குளிர்காலக் காலையை மனதில் வைத்து.

கட்டணம் அதிகம் என்றால் எண்ணைக் குறைக்காமல் லோடைக் குறைக்க வழி இருக்கிறது. நான்கு கீசருக்குப் பதில் விறகிலோ வெயிலிலோ சூடாகும் ஒரே பொதுக் கொதிகலன் வைத்தால் காலை நேர லோடு 10.7-லிருந்து 2.7 கிலோவாட்டாக இறங்கிவிடும். இது நேர்மையான சிக்கனம்.

இந்தியத் தர ஆவணங்களை இணையத்தில் பதிவுசெய்து இலவசமாக எடுக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில், பொறியாளர் பாஷையில் இருக்கிறது. செம்மேட்டில் சுவர் வெட்டிக்கொண்டிருப்பவர் கையில் அது போய்ச் சேர, நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு கைப்புத்தகம் போதும். அதில் முதல் வரியாக 100 வாட், 1000 வாட் என்ற எண்கள் வேண்டாம். "பொருள் எதுவென்று தெரியாவிட்டால் மட்டும்" என்ற நிபந்தனை முதலில் இருக்கட்டும். எண்கள் இரண்டாவது வரியில் வரட்டும்.